அயோவா மான் டேக்: நிலம் என் பேர்ல, வேட்டைக்கு மட்டும் குலுக்கலா?

எண்பதுஏக்கர்:
மனசு ஆறல, அதான் எழுதறேன். நாலு வருஷம் முன்னாடி தெற்கு அயோவால டேவிஸ் கவுன்டில 80 ஏக்கர் வாங்கினேன், பாதி ஓக் மரக்காடு, மீதில பக்கத்து விவசாயி குத்தகைக்கு சோளமும் சோயாவும் மாத்தி மாத்தி போடறார். நான் குடும்பத்தோட இருக்கறது இல்லினாய்ஸ்ல, காரை எடுத்தா அஞ்சு மணி நேரம் ஆகும். சொத்து வரி ஒரு தவணை தவறினதில்ல, ஓடைக்கரைல கன்னு நட்டது நானும் என் பொண்ணும். ஆனா நவம்பர்ல அந்தக் காட்டுல மரத்து மேல உக்காந்து ஒரு கொம்பு மான் மேல அம்பு விடணும்னா மத்த வெளிமாநிலக்காரங்களோட குலுக்கல்ல தான் நிக்கணும். மொத்த மாநிலத்துக்கும் வெளியாளுக்கு 6,000 டேக், அதாவது மான் அடிக்க மாநிலம் குடுக்கற அனுமதிச் சீட்டு, அதுல வில்லுக்கு 35 சதவீதத்துக்கு மேல கிடையாது. குலுக்கல்ல முன்னுரிமைக்குன்னு சேர்ற பாயின்ட் மூணு வெச்சிருந்தும் இந்த வருஷமும் பேர் வரல. பக்கத்து நிலத்துக்காரர் அயோவா வாசி, விவசாயம் பண்றவர், அவருக்கு நில உரிமையாளர் டேக் 2 டாலர். எனக்கு விழுந்தா கூட எல்லாம் சேர்த்து 600 டாலருக்கு மேல போகும். காசு எனக்குப் பிரச்சினையே இல்ல, அதுக்கு மேல கேட்டாலும் கட்டறேன். என் நிலத்துல மட்டும், வருஷத்துக்கு ஒண்ணு, உறுதியா குடுங்கன்னு தான் கேக்கறேன். இதுல என்ன தப்பு?

சீடர்நதி:
அண்ணா, வருத்தம் புரியுது. ஆனா நிலம் உங்களது, மான் உங்களது இல்லையே. ராத்திரி பக்கத்து சோளத்துல மேய்ஞ்சிட்டு விடிகாலைல உங்க காட்டுல வந்து படுக்குது, அப்போ அது யாரோட மான்? இந்த நாட்டுல காட்டு மிருகம் மக்களோட பொதுச்சொத்து, மாநிலம் அதுக்குக் காவல், அவ்வளவு தான். நான் அயோவா வந்து பதினோரு வருஷம் ஆச்சு, இங்க வேட்டை கத்துக்குடுத்த பெரியவர் சொன்ன கதை இது, அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். 1898ல மான் வேட்டையையே மூடிட்டாங்க, ஏன்னா சுட மானே இல்ல. 1936ல கணக்கெடுத்தப்போ மாநிலம் பூரா 500லேர்ந்து 700 மான் தான். திரும்ப சீசன் திறந்தது 1953ல, அந்த வருஷம் அடிச்சது சுமார் 4,000. நடுவுல 55 வருஷம் துப்பாக்கியை மாட்டி வெச்சுட்டு காத்திருந்தது இங்க இருந்த ஜனங்க. இப்பவும் ஷாட்கன் சீசன் டிசம்பர்ல தான் வரும், நவம்பர்ல மான் இணை சேர்ற நாள்ல வில்லு தான், வெளியாளுக்கு 6,000ன்னு உச்ச வரம்பு, இதெல்லாம் சேர்ந்து தான் அந்தக் கொம்பு அஞ்சாறு வயசு வரைக்கும் வளருது. நீங்க டேவிஸ் கவுன்டில நிலம் தேடினது எதுக்கு? அந்தக் கொம்புக்குத் தானே. அதை வளர்த்த சட்டத்தையே இப்போ தளர்த்தச் சொல்றீங்க.

எண்பதுஏக்கர்:
வளர்த்தது சட்டம் மட்டும் இல்ல தம்பி. அந்த மான் பகல்ல படுக்கற புதரை வெட்டாம விட்டது யாரு, குளிர்காலத்துல திங்க க்ளோவர் போட்டது யாரு? அயோவால நிலத்துல 100க்கு 97 பங்கு தனியார் கையில இருக்கு, அப்போ மான் வாழறதே எங்களை மாதிரி ஆளுங்க நிலத்துல தான். துப்பாக்கி தோட்டா மேல வாங்கற ஃபெடரல் வரி 1937 சட்டத்துலேர்ந்து காட்டு மிருகப் பாதுகாப்புக்குப் போகுது, இப்போ 11 சதவீதம், அது நானும் கட்டறேன். இன்னொண்ணு கேளுங்க. இதே மாநில சட்டத்துல, மாநிலத்தைப் பத்தி வெளிய நல்லபடியா சொல்றதுக்குன்னு முக்கிய விருந்தாளிகளுக்குக் குடுக்க 75 மான் டேக் தனியா இருக்கு, அது 6,000 கணக்குல சேராது. விருந்தாளிக்கு வழி இருக்கு, வரி கட்டறவனுக்கு இல்லையா? பக்கத்துல மிசௌரி பாருங்க, 75 ஏக்கர் வெச்சிருந்தா வெளிமாநில நில உரிமையாளருக்கும் குறைஞ்ச விலைல பெர்மிட் உண்டு. எங்க இல்லினாய்ஸ்ல 40 ஏக்கர் இருந்தா போதும், வெளிமாநில ஆளும் பணம் கட்டி சொந்த நிலத்துக்குன்னு வாங்கிக்கலாம். அங்கெல்லாம் மான் அழிஞ்சா போச்சு?

நாமக்கல்லான்:
ஊர்லேர்ந்து படிக்கறேன், தப்பா கேட்டா மன்னிக்கணும். இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுலேர்ந்து சொந்தக் காட்டுல மேயற மானைத் தொட்டாலே கேஸ் தான், அதனால உங்க சண்டையே எனக்குப் புதுசா இருக்கு. நில உரிமையாளர்னா எவ்வளவு நிலம் இருக்கணும்? அஞ்சு ஏக்கர் வாங்கினாலும் டேக் உண்டா? அப்படின்னா நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து 80 ஏக்கரை நாலா பிரிச்சு எழுதிக்க மாட்டாங்களா?

சீடர்நதி:
சரியா பிடிச்சீங்க. என் பயமும் அதான். நில உரிமையாளர் டேக் வெறும் பத்திரத்தைப் பாத்து குடுக்கறது இல்ல, அயோவா வாசியா இருக்கணும், அந்த நிலத்துல விவசாயம் நடக்கணும், அதுல உங்க பங்கு இருக்கணும். இதே கேள்வி கோர்ட்டுக்கே போச்சு. வெளிமாநிலத்துல இருந்துட்டு இங்க நிலம் வெச்சிருக்கறவங்க அந்த டேக் எங்களுக்கும் வேணும்னு கேட்டாங்க, 2013ல அயோவா சுப்ரீம் கோர்ட் முடியாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடி 1978லயே மொன்டானா கேஸ். உள்ளூர் ஆள் எல்க்ங்கற பெரிய மானை மட்டும் வேட்டையாட 9 டாலர், வெளியாள் 225 டாலருக்கு பல மிருகத்துக்கும் சேர்த்த காம்பினேஷன் லைசென்ஸ் வாங்கியே ஆகணும். இது செல்லும், பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமை இல்லன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. 2005ல காங்கிரஸும் சட்டம் போட்டு, உள்ளூர் வெளியூர் பிரிச்சு லைசென்ஸ் குடுக்கறது மாநிலத்தோட அதிகாரம்னு உறுதி பண்ணிடுச்சு.

எண்பதுஏக்கர்:
சட்டப்படி செல்லும்னா அது நியாயம்னு ஆயிடுமா? கோர்ட் சொன்னது மாநிலம் இப்படிப் பிரிக்கலாம்னு தான், பிரிச்சே ஆகணும்னு எங்கயும் சொல்லல. அதனால தான் தலைநகர் டெமாய்ன்ல சட்டசபைல மாத்தச் சொல்லிக் கேக்கறோம்.

டல்லாஸ்_தோட்டம்:
நான் டெக்ஸாஸ்லேர்ந்து சொல்றேன், கொஞ்சம் கேளுங்க. இங்க வெளியாளுக்குக் குலுக்கல் இல்ல, 315 டாலர் குடுத்தா லைசென்ஸ் கடைலயே கிடைக்கும். கேக்க நல்லா தான் இருக்கும். ஆனா நிலம் அனேகமா எல்லாம் தனியார், அதனால லீஸ் எடுக்காம பெரும்பாலான இடத்துல காலே வைக்க முடியாது, ஏக்கருக்கு இவ்வளவுன்னு வருஷா வருஷம் கட்டறோம். எங்க குரூப்ல ரெண்டு பேர் போன வருஷம் லீஸ் ஏறினதால விட்டுட்டாங்க. உங்க ஊர்ல உள்ளூர் பையன் ஒருத்தன் விவசாயி வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்டு வேட்டையாட முடியுதுல்ல, எங்களுக்கு அது கனவு. உறுதி டேக்னு ஒண்ணு வந்துட்டா, நிலம் விக்கறவன் முதல்ல அதைத் தான் விளம்பரத்துல போடுவான், அப்போ தெற்கு அயோவால ஓடை, காடுன்னு இருக்கற ஒவ்வொரு துண்டும் விலை ஏறும்.

மினசோட்டா_வில்லாளி:
நடுவுல என்னையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. நான் அயோவாக்காரனும் இல்ல, நிலக்காரனும் இல்ல, மினியாபோலிஸ்ல வாடகை வீட்டுல இருக்கறவன். வருஷா வருஷம் பாயின்ட்டுக்குன்னு 50 டாலருக்கு மேல கட்டி நாலு பாயின்ட் சேர்த்து வெச்சிருக்கேன், தெற்கு ஜோன்ல வில் டேக் வேணும்னா அவ்வளவு வருஷம் காத்திருக்கறது சகஜம். எண்பதுஏக்கர் அண்ணா, நீங்க கேக்கற உறுதி டேக் அந்த 6,000க்கு உள்ளயா, வெளியயா? உள்ளன்னா நீங்க எடுக்கற ஒவ்வொண்ணும் என்னை மாதிரி ஒருத்தன் வரிசைலேர்ந்து போகுது. நிலம் வாங்க வசதி இருந்தவன் முன்னாடி போயிடுவான், இல்லாதவன் இன்னும் ரெண்டு வருஷம் நிப்பான். நாலு வருஷமா நான் கட்டினதும் காசு தானே. இதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க, எனக்கு நிஜமாவே வலிக்குது.

எண்பதுஏக்கர்:
தம்பி, வெளிய தான் கேக்கறேன். உங்க வரிசைல கை வைக்கறது என் எண்ணமே இல்ல, முதல் பதிவுலயே தெளிவா சொல்லியிருக்கணும்.

சீடர்நதி:
வெளியன்னா அது கூடுதலா விழற மான். எத்தனை வெளிமாநில நில உரிமையாளர் வரப்போறாங்கன்னு வரம்பு இல்ல, நாளைக்கு வாங்கப்போறவங்களும் அந்தக் கணக்குல சேருவாங்க. உள்ள வெச்சா வில்லாளிக்கு அடி, வெளிய வெச்சா எங்களுக்கு அடி. ஏறக்குறைய வருஷா வருஷம் இந்த மசோதா வருது, அயோவா வில் வேட்டைக்காரங்க சங்கம் எதிர்க்கறது சும்மா இல்ல.

சோளக்காடு:
எல்லாரும் கொம்பைப் பத்தியே பேசறீங்க. நான் இந்த ஊர் விவசாயக் குடும்பத்துல வாக்கப்பட்டவ, வான் பியூரன் கவுன்டி, எங்க வீட்டுல 400 ஏக்கர் சொந்தமா ஓட்றோம். காட்டை ஒட்டின சோயா வரிசையை மொளைக்கறப்பவே மான் கடிச்சு வெச்சிடும், அறுவடை மெஷின் போறப்போ ஓரத்துல எட்டு வரிசைக்கு ஒண்ணுமே தேறாது. எங்களுக்கு பிரச்சினை கொம்பு மான் இல்ல, பெண் மான் தான், ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ரெண்டு குட்டி போடும். 2006 வாக்குல மாநிலத்துல வருஷம் சுமார் ஒன்றரை லட்சம் மான் அடிச்சாங்க, அப்புறம் அது ஒரு லட்சம் பக்கம் இறங்கிடுச்சு. 2013ல அலமக்கி கவுன்டில காட்டு மானுக்கு சிடபிள்யூடின்னு, மானை மெலிய வெச்சுக் கொல்ற நோய் வந்துச்சு, கூட்டம் நெருக்கமா இருந்தா அது பரவும். எங்க பக்கத்துல வெளிமாநிலக்காரர் ஒருத்தர் 160 ஏக்கர் வாங்கினார், அவருக்கு டேக் இல்ல, அதனால வேற யாரையும் உள்ள விடறதும் இல்ல, கேட்ல பூட்டு. டிசம்பர் ஷாட்கன் சீசன்ல மான் பூரா அங்க போய் ஒளிஞ்சுக்குது, ராத்திரி எங்க வயலுக்கு வருது. அதுக்கு முன்னாடி இருந்த கிழவர் நாலு வீட்டுப் பசங்களை உள்ள விடுவார். எண்பதுஏக்கர் தம்பி, நீங்க யாரை விடறீங்க?

எண்பதுஏக்கர்:
உண்மையைச் சொல்லணும்னா யாரையும் விடல அக்கா. குத்தகைக்காரரோட மகன் ரெண்டு தடவை கேட்டான், எனக்கே கிடைக்காதப்போ அவன் ஏன்னு கோவத்துல முடியாதுன்னுட்டேன்.

சோளக்காடு:
அந்தக் கோவத்துக்கு விலை குடுக்கறது அவங்க அப்பா சோயா. இன்னொண்ணு, குலுக்கல்ல பேர் வராத வெளிமாநில நில உரிமையாளருக்கு கொம்பில்லாத மான் டேக்ல முன்னுரிமை இருக்கு, சட்டத்துலயே எழுதியிருக்கு, உங்க நிலத்துல மட்டும் செல்லும், ஒரே நிலத்துக்கு வெளிமாநில ஆளுங்க நாலு பேர் உரிமையாளரா இருந்தா ஒருத்தருக்குத் தான். அதை எடுத்தீங்களா?

எண்பதுஏக்கர்:
தெரியும், எடுக்கல. பெண் மானுக்காக அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வரணுமான்னு விட்டுட்டேன்.

மினசோட்டா_வில்லாளி:
அண்ணா நான் ஓட்டிட்டு வருவேன். பெண் மான் கறி தான் நல்லா இருக்கும், மிளகு போட்டு வறுத்துப் பாருங்க. சாப்பிட ஆள் இல்லன்னா ஹஷ்னு ஒரு திட்டம் இருக்கு, இல்லாதவங்களுக்குக் கறி போகும், அதுல சேர்ந்த கறிக்கடைல குடுத்தா வெட்டற கூலி கூட நம்ம தலைல விழாது.

சீடர்நதி:
இதைத் தான் நானும் சொல்ல வந்தேன், அக்கா நேரா கேட்டுட்டாங்க. கொம்பு டேக்குக்கு உறுதி கேக்கறதுக்கு முன்னாடி, கையில இருக்கற பெண் மான் டேக்கை எடுத்து ரெண்டு வருஷம் அடிச்சுக் காட்டுங்க, நிலத்தைத் திறந்து விடுங்க. அப்போ இந்த ஊர்க்காரன் எவனும் உங்களை வெளியாள்னு பேச மாட்டான்.

எண்பதுஏக்கர்:
அது நான் செய்ய வேண்டியது, செய்யறேன். குத்தகைக்காரர் மகனுக்கு இன்னைக்கு போன் பண்ணி ஓடைக்கு மேற்கால இருக்கற பக்கத்தை எடுத்துக்கச் சொல்லிட்டேன். ஆனா என் கேள்வி அப்படியே தான் நிக்குது. பூட்டு போட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். அந்தப் பூட்டுக்குக் காரணம் அந்தச் சட்டமும் தான். டேக் உறுதியா இருந்திருந்தா நவம்பர்ல நான் அங்க இருப்பேன், டிசம்பர்ல அவங்களை விட எனக்கு மனசு வந்திருக்கும். அடுத்த கூட்டத்தொடர்ல மசோதா வந்தா ஆதரிச்சு எழுதுவேன். ஒரே ஒரு நிபந்தனை சேர்ப்பேன், 75 ஏக்கருக்குக் குறைவா இருந்தா கிடையாது, ஒரு நிலத்துக்கு ஒரு டேக் தான், நாலா பிரிச்சாலும் ஒண்ணு தான்.

சீடர்நதி:
நிபந்தனை நல்லா இருக்கு. நான் எதிர்த்துத் தான் எழுதுவேன் அண்ணா, நேரா சொல்லிடறேன். மேற்குப் பக்கம் அந்தப் பையனுக்கு மரத்துல ஏற ஸ்டான்ட் வேணும்னா என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு, வர்ற சனிக்கிழமை அந்தப் பக்கம் தான் வரேன், போட்டுக் குடுத்துட்டுப் போறேன்.