மறு: “டேர்ன்-பேஸ்ட்” விளையாட்டுக்குத் தமிழ்: முறைவைப்பு

அன்பின் குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒருவர் ஆடி முடித்த பிறகு அடுத்தவர் ஆடும் “டேர்ன்-பேஸ்ட்” (turn-based) கணினி விளையாட்டுக்கும், பிள்ளைகளுக்கான அதன் கையேட்டுக்கும் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை ஒருசேர வாசித்தேன். “திருப்பம்சார் உத்தி விளையாட்டு”, “சுற்றுமுறை விளையாட்டு”, “தவணைமுறைப் போர் விளையாட்டு” ஆகிய மூன்றுக்கும் ஓரளவு ஆதரவு இருக்கிறது. எனக்கு மூன்றிலும் உடன்பாடில்லை. “முறைவைப்பு” என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுங்கள்.

நாம் எடுத்துக்கொண்ட உதாரணம் அட்வான்ஸ் வோர்ஸ் (Advance Wars) என்ற போர் விளையாட்டு. இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் உருவாக்கி, நின்டெண்டோ 2001 இல் தன் கையடக்கக் கருவியான கேம் போய் அட்வான்ஸுக்கு வெளியிட்டது. அதற்கு முன்னோடி 1988 இல் ஜப்பானில் வந்த ஃபமிகொம் வோர்ஸ். இங்கே திருகோணமலையில் பிள்ளைகள் இப்போது ஆடுவது நின்டெண்டோவின் பிந்திய கருவியான ஸ்விட்ச்சுக்கு 2023 இல் வந்த மறுவடிவம். கட்டம் போட்ட வரைபடத்தில் காலாட்படை, டாங்கி, விமானம், கப்பல் எல்லாம் நிற்கும். ஒருவர் தன் படைகளை நகர்த்தி, அடித்து, காசுக்கேற்பப் புதிய படை வாங்கி, முடித்துவிட்டேன் என்று அழுத்திய பிறகுதான் மற்றவர் கைக்குக் கட்டுப்பாடு போகும்.

எங்கள் ஊர் பிரெட்றிக் கோட்டைக்குள்ளே மான்கள் மேயும் புல்வெளிப் பக்கம் இரண்டு பெடியள் ஒரே கருவியை மாற்றிமாற்றி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நீட்டுகிறான்: “இந்தா, உன்ர முறை.” மற்றவன் திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான்: “நீ இன்னும் என்ட் குடுக்கேல்ல. உன்ர முறை முடியேல்ல.” சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதிலிருந்து கலைச்சொல்லைக் கட்டுவதுதான் நம் வேலை.

“முறை என்றால் செய்முறை, மூன்று முறை, முறைப்பெண் என்று எத்தனையோ பொருள்; குழப்பும்” என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். சரியான கேள்வி. “முறைவழி விளையாட்டு” என்று வைத்தால் நிச்சயம் குழப்பும். ஒழுங்கான, முறைப்படியான விளையாட்டு என்றே வாசிப்பார்கள். ஆனால் “முறை வைத்து” என்று சொல்லிப் பாருங்கள். ஒரே கரைவலைப் பாட்டில் (வலை வளைக்கும் கரைப்பகுதியில்) பல சம்மாட்டிமாருக்கு (வலை உரிமையாளர்களுக்கு) உரிமை இருந்தால் முறை வைத்துத்தான் வலை வளைப்பார்கள். வயலுக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். ஒருவருக்குரிய நேரத்தில் மற்றவர் கை வைக்க மாட்டார் என்ற பொருள் அந்தத் தொடரிலேயே இருக்கிறது. “வைத்து” சேர்ந்ததும் மற்றப் பொருள்கள் விலகிவிடும். ஆகவே முறைவைப்பு. எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவதற்கு, “நிகழ்நேர விளையாட்டு” ஏற்கெனவே இருக்கிறது; இரண்டும் பொருந்தி நிற்கும்.

“சுற்றுமுறை”யை நான் மறுப்பதற்குக் காரணம் ஓசை அல்ல, விளையாட்டின் கணக்கு. அட்வான்ஸ் வோர்ஸ் “நாள் 1”, “நாள் 2” என்று எண்ணும். இருவர் ஆடினால் ஒரு நாளில் இரண்டு முறை, நால்வர் ஆடினால் நான்கு முறை. எல்லாரும் ஆடி முடித்தால்தான் நாள் மாறும். அந்த நாள்தான் சுற்று. நகரங்களிலிருந்து வரும் வருமானம், இடத்துக்கு 1000 வீதம், அவரவர் முறை தொடங்கும்போதே சேரும். வானில் நிற்கும் விமானத்தின் எரிபொருள் குறைவதும் அப்போதுதான். சுற்றையும் முறையையும் ஒரே சொல்லுக்குள் போட்டால் இந்தக் கணக்கை எந்தக் கையேட்டிலும் விளக்க முடியாது. “தவணை” இலங்கையில் பாடசாலைத் தவணையையும் கடன் தவணையையும்தான் நினைவூட்டும். “திருப்பம்” கதையில் வரும், வீதியில் வரும். விளையாட்டில் “உன் திருப்பம்” என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது.

பதிலடி பற்றியும் ஒரு மடல் வந்தது. என் முறையில் நான் அடித்தால் எதிராளியின் படையும் திருப்பி அடிக்கிறதே, பிறகெப்படி இது முறைவைப்பு ஆகும் என்று. பதிலடி தானாக நடப்பது. அங்கே எதிராளி எதையும் தெரிவு செய்வதில்லை. உண்மையில் முறையின் மதிப்பு பதிலடியில்தான் தெரிகிறது. ஒவ்வொரு படைக்கும் பலம் 10. சமமான இரண்டு டாங்கிகளில் முதலில் அடித்தது மற்றதைக் கிட்டத்தட்டப் பாதிக்குக் கொண்டுவந்துவிடும். பாதியானது பாதிப் பலத்தோடுதான் திருப்பி அடிக்கும். யாருடைய முறையில் மோதல் நடக்கிறது என்பதே சண்டையைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் எதிராளியின் எட்டுதூரத்துக்கு ஒரு கட்டம் வெளியே படையை நிறுத்திக் காத்திருப்பார்கள்.

இதிலிருந்து வரும் கிளைச்சொற்களையும் பார்த்துவிடுவோம். முறைத்தொடக்கம், முறைமுடிப்பு இரண்டிலும் சிக்கலில்லை. முதலில் ஆடுபவருக்குக் கிடைக்கும் அனுகூலத்தை “முதல்முறைச் சாதகம்” என்று எழுதினால் முதல்தடவை ஆடுவது என்று பொருள் போய்விடும். அதற்கு “முன்முறைச் சாதகம்” சரியாக வரும். ஆடுவோர் முன்முறையாளர், பின்முறையாளர். இணையத்தில் போட்டியாக ஆடுவோர் பின்முறையாளருக்கு ஒரு காலாட்படையைக் கூடுதலாகக் கொடுத்து இதைச் சமன்செய்கிறார்கள், எனவே இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும்.

“ஸ்ட்ரட்டஜி” (strategy) என்பதற்கு “உத்தி”யா “மூலோபாய”மா என்ற பிரச்சினைக்கு வருகிறேன். இலங்கையில் மூலோபாயம், தந்திரோபாயம் இரண்டும் அரச ஆவணங்களிலும் பத்திரிகைகளிலும் நன்கு ஊன்றிவிட்டன. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அவை கனமாகத் தெரிகின்றன. இந்த விளையாட்டு வகைக்கு “வியூகம்” இருபக்கமும் செல்லும். எந்தக் கட்டத்தில் எதை நிறுத்துவது என்பதுதானே முழு ஆட்டமும். காட்டுக்குள் நிற்கும் படைக்குச் சேதம் குறைவு, மலையில் இன்னும் குறைவு, வீதியில் பாதுகாப்பே இல்லை. நிரலும் அணியும் வகுப்பதுதான் வியூகம். முழுப்பெயர்: முறைவைப்பு வியூக விளையாட்டு.

அடுத்தது எனக்கு மனத்துக்கு நெருக்கமான விடயம். தூரத்திலிருந்து சுடும் படைக்கு “ஆட்லறி”, அது சுடுவதற்கு “ஷெல்லடி” என்று வைக்கலாம், மக்கள் வழக்கில் இருக்கிறதே என்று ஒருவர் எழுதினார். வழக்கில் இருப்பது உண்மை. திருகோணமலையிலும் மூதூரிலும் அந்தச் சொற்களுக்கு யாரும் அகராதி பார்க்க மாட்டார்கள். அதனாலேயே அவற்றை ஒரு பிள்ளையின் கையேட்டில் போட எனக்கு மனமில்லை. வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “பீரங்கி” போதும். பிரெட்றிக் கோட்டையில் கிடக்கும் பழைய பீரங்கிகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு அந்நியமில்லை, யாரையும் நோகடிப்பதுமில்லை. இந்த விளையாட்டை வெளியிட்டவர்களுக்கும் இந்தக் கூச்சம் இருந்தது. வட அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் 10 இல் வெளிவந்தது, மறுநாள் நியூயோர்க் தாக்குதல். ஐரோப்பாவில் 2002 ஜனவரிவரை தள்ளிப்போனது, ஜப்பானில் 2004 இல்தான் வந்தது. ஸ்விட்ச் மறுவடிவமும் 2022 ஏப்ரலில் வரவிருந்து, உக்ரேன் போரால் ஓராண்டு பிந்தியது. அவர்கள் வெளியீட்டையே தள்ளிவைத்தார்கள். நாம் ஒரு சொல்லைத் தள்ளிவைக்கலாம்.

நகரங்களை எடுத்துக்கொள்வதற்கு “கைப்பற்றல்” என்று முடிவானதாகத் தெரிகிறது. சிறு திருத்தம் வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் 20 புள்ளி. உள்ளே நிற்கும் காலாட்படை தன் பலத்தின் அளவுக்கு முறைக்கு முறை குறைக்கும். முழுப்பலம் என்றால் இரண்டு முறை, 7 என்றால் மூன்று முறை. இடையில் விலகினால் மறுபடி 20. நடந்துகொண்டிருப்பதைப் “பிடித்தல்” என்றும், முடிந்ததைக் “கைப்பற்றியது” என்றும் பிரிப்போம். எங்கள் திருகோணமலைத் துறைமுகமே 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் கையிலும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கையிலும் போய், 1795 இல் திரும்ப ஆங்கிலேயரிடம் வந்தது. கைப்பற்றுவது ஒருநாளில் முடிகிற செயல் இல்லை என்பது இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு விளங்கும். எதிராளியின் படை கண்ணுக்குத் தெரியாத ஆட்டவகைக்கு (ஆங்கிலத்தில் fog of war) “மூட்டம்” போதும். முன்னால் “போர்” சேர்க்கத் தேவையில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தனியாகத் தீர்க்க முடியவில்லை. நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் போவதைச் சென்னை நண்பர் “மூழ்குதல்” என்று எழுதியிருக்கிறார். இங்கே கப்பல் மூழ்கிவிட்டது என்றால் ஆள் தேடப் போவார்கள். அடியில் போவதற்கு நாங்கள் சொல்வது சுழியோடுதல். விளையாட்டில் இரண்டும் வருகிறது: மேலே நிற்கும் நீர்மூழ்கி ஒரு நாளைக்கு 1 எரிபொருள் செலவழிக்கும், அடியில் போனால் 5, எரிபொருள் தீர்ந்தால் அது உண்மையாகவே மூழ்கி அழிந்துவிடும். அடியில் இருக்கும்போது சுழியோடல், அழியும்போது மூழ்கல் என்று வைத்தால் கையேடு தெளிவாக இருக்கும். “சுழியோடல்” தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்குமா? அங்கிருப்பவர்கள் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து