விதை உவமைகளைப் பிள்ளைகளுக்குச் சொன்ன அனுபவம்

தேரிக்காட்டு டீச்சர்:

விதை பாதையிலும், பாறை நிலத்திலும், முள்ளுக்குள்ளும், நல்ல நிலத்திலும் விழுவதாக இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை எங்கள் சண்டே ஸ்கூலில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, “டீச்சர், அந்த ஆளுக்கு விவசாயம் தெரியாதா? பாதையில யாராவது விதை போடுவாங்களா?” வாழையும் நெல்லும் பார்த்து வளர்கிற பிள்ளைகள், கேட்கத்தான் செய்வார்கள். இயேசு வாழ்ந்த கலிலேயாவில் கோதுமையைக் கையால் வீசி விதைப்பார்கள், வயலை ஒட்டியே ஒற்றையடிப் பாதை போகும், சில இடத்தில் மேலே கொஞ்சம் மண்ணும் கீழே சுண்ணாம்புப் பாறையுமாக இருக்கும் என்று சொன்ன பிறகுதான் கதைக்குள் வருவார்கள். எடுத்ததுமே “நீ எந்த நிலம்?” என்று கேட்டால் எல்லாரும் கையைத் தூக்கி “நல்ல நிலம்” என்பார்கள். பாடம் அதோடு முடிந்தது.

அதனால் நான் சிரட்டையை எடுத்துவிடுவேன். ஒன்றில் களிமண்ணை இறுக்கி மிதித்தது, ஒன்றில் அடியில் உடைந்த ஓடும் மேலே ஒரு விரல் மண்ணும், ஒன்றில் அருகம்புல் வேரோடு, ஒன்றில் சாணி எரு கலந்தது. சமையல் கடுகே போதும். இந்த முறை ஓட்டுச் சிரட்டையில்தான் முதலில் பச்சை தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த ஞாயிறு தண்டு சுருண்டு கிடந்தது. மெதுவாகத் தூக்கிக் காட்டினேன்: கீழே போக வழியில்லாமல் வேர் ஓட்டின் மேலேயே வளைந்து வளைந்து ஓடியிருந்தது. மண் ஆழமில்லாததால் சீக்கிரம் முளைத்தது என்று பைபிளில் மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் இருப்பதை அப்புறம் வாசித்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே அருகம்புல் சிரட்டைக்காகத்தான். அதில் கடுகு சாகவில்லை, நூல் மாதிரி நெட்டையாக வளைந்து நின்றது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “இதுல மண் நல்லாத்தானே இருக்கு டீச்சர்? புல்லைப் பிடுங்கிட்டா இதுவும் நல்ல நிலம்தானே?” நாலு நிலம், நாலு வகை மனுஷர் என்றே சொல்லிப் பழகிய எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்குள் பக்கத்துப் பையன் புல்லைப் பிடித்து இழுத்துவிட்டான். கடுகும் சேர்ந்து வந்துவிட்டது! சரி, இனி வேறு வழியில்லை என்று மத்தேயு 13-இல் வரும் களைகள் உவமையை அன்றைக்கே சொன்னேன். களையைப் பிடுங்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று எஜமான் சொல்கிற இடம் வந்ததும் எல்லாரும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கரிசல்காரன்:

நான் வாலிபர் கூட்டம் நடத்துகிறவன். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளிடம், மாற்கில் மட்டுமே உள்ள அந்தச் சின்ன உவமையை எடுத்தேன். ஒருவன் விதைக்கிறான், தூங்குகிறான், எழுந்திருக்கிறான். பயிர் எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஒரு தம்பி குறுக்கே பேசினான்: “எங்கப்பா தூங்க மாட்டாருண்ணே. புழுதியில விதைச்சிட்டு வானத்தையே பார்த்துட்டு இருப்பாரு. முளைச்சா பன்னி வேற வரும்.”

கூட்டம் அதற்கப்புறம் அவன் அப்பாவைப் பற்றித்தான் போனது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவது எவ்வளவு பெரிய நம்பிக்கை, போட்ட பிறகு அவர் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிள்ளைகளே பிரித்தார்கள். காவல் அவர் கையில், மழை இல்லை. பரீட்சை எழுதியது நம் கையில், கட்-ஆஃப் இல்லை என்று ஒருத்தி சேர்த்தாள். இந்த உவமையைக் ‘கவலைப்படாதே தம்பி’ என்று சுருக்கிவிடுகிறவர்கள் மானாவாரிக்காரர் வீட்டில் ஒரு ஐப்பசி மாதம் இருந்து பார்க்கட்டும்.

கடைசி பெஞ்ச்:

சின்னக் கடுகு விதை பெரிய செடியாகிற உவமையைச் சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடுகுதான் எல்லாவற்றிலும் சின்ன விதை என்றதும் ஒரு வாண்டு வீட்டிலிருந்து கசகசா டப்பாவையே தூக்கி வந்துவிட்டது. இயேசுவின் ஊரார் பேச்சில் சின்னதற்குக் கடுகைச் சொல்வது வழக்கம், நாம் ‘கடுகளவு’ என்கிற மாதிரி என்று சமாளித்தேன். கலிலேயாவில் கறுப்புக் கடுகு ஆள் உயரத்துக்கு மேலேயே போகும் என்றதும் கசகசாவை விட்டுவிட்டார்கள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு இதை நடத்தியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எங்கள் வகுப்பில் விதைக்கக் கொடுத்த கடுகைப் பாதிப் பேர் தின்றுவிடுகிறார்கள்.