நத்தை பொறுக்கிய நட்சத்திரம்

பதின்பருவத்தினருக்கான உளவுக் கதைகள் உங்களுக்கு எப்படி அறிமுகமாயின என்று ஆளாளுக்குச் சொல்லி வருகிறீர்கள். என் கதை கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் அக்கா மகள் திருச்சியிலிருந்து பிரான்ஸில் துலூஸ் நகரத்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பதினாறு வயது. வந்த நாளிலிருந்து கைப்பேசியும் கையுமாகவே இருந்தாள். எட்டிப் பார்த்தால் நாவல். பதினேழு வயதுப் பாடகி, உலகமே கொண்டாடும் பெண், ரகசியமாக ஓர் உளவு அமைப்புக்கு வேலை பார்க்கிறாள். மெய்க்காவலன் என்று சொல்லிக்கொண்டு கூடவே வரும் பையன்தான் அவளை இயக்குகிறவன். அவன்மேல் காதல் வேறு.

"ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சியை வச்சு எவனாவது வேவு பார்ப்பானா?" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். பார்ப்பவர் சந்தேகப்படாத உருவம் வேண்டும் என்று ஒற்றனுக்கு வள்ளுவர் இலக்கணம் சொல்லியிருக்கிறார் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். "பிடிக்கலைன்னா விடுங்க மாமா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தோர்தோன் பகுதிக்குக் காரில் போனோம். அங்கே மிலாந்த் என்ற பழைய மாளிகையின் தோட்டத்தில் கழுகு, பருந்துகளைப் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம். மாளிகை ஜோசஃபின் பேக்கர் என்ற பாடகியும் நடனக்காரியுமானவர் வாழ்ந்த வீடு என்பது தெரியும். வாழைப்பழங்களைக் கோத்த இடுப்பாடையோடு 1926இல் ஆடிப் பாரிஸைக் கிறங்கடித்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்த ஆடையும் உள்ளே இருக்கிறது. கறுப்பும் தங்கமுமாக ஒரு குளியலறை இருக்கிறது, அதன் முன்னால் இவள் பத்துப் படம் எடுத்தாள். அப்புறம்தான் பதக்கங்கள் இருந்த இடத்துக்கு வந்தோம். ஆட்டக்காரிக்கு எதற்குப் போர்ப் பதக்கம் என்று கேட்டாள். எழுதி வைத்திருந்ததைப் படித்துச் சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து நானே தேடித் தேடிப் படித்தேன்.

1939இல் போர் மூண்டபோது, சம்பளம் வாங்காமல் தகவல் சேகரித்துத் தரக்கூடியவர்களைப் பிரெஞ்சு ராணுவ உளவுத்துறை தேடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஜாக் அப்தேயிடம் பேக்கரின் பெயரைச் சொன்னார்கள். அவருக்கோ தயக்கம். உளவாளி என்று 1917இல் சுட்டுக் கொல்லப்பட்ட மாத்தா ஹரியும் நடனக்காரிதானே. சரி, பார்த்துவிட்டுத்தான் வருவோமே என்று பாரிஸுக்கு வெளியே இருந்த அவர் வீட்டுக்குப் போனார். பட்டும் முத்துமாக ஒருத்தி இறங்கி வருவாள் என்று எதிர்பார்த்தவருக்கு முன்னால், பழைய தொப்பியும் கையில் நசுங்கிய தகர டப்பாவுமாகப் புதருக்குள்ளிருந்து வெளிப்பட்டார் பேக்கர். டப்பா நிறைய நத்தைகள். தன் வாத்துகளுக்காகப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். எந்தக் கதாசிரியருக்கு இப்படி ஓர் அறிமுகம் தோன்றும், சொல்லுங்கள்?

1935இல் இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினி எத்தியோப்பியாமேல் படையெடுத்ததை ஆதரித்துப் பேசி மானத்தை வாங்கிக்கொண்டவர்தான் இவர். அந்த அசட்டுப் பேச்சே இப்போது இத்தாலியத் தூதரக விருந்துகளுக்குள் நுழைய வழிவிட்டது. 1940இல் பிரான்ஸ் விழுந்ததும் மிலாந்துக்கு வந்துவிட்டார். அந்த ஆண்டின் கடைசியில் அப்தேயும் அவரும் ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகலின் லிஸ்பனுக்குக் கிளம்பினார்கள். அப்தேயின் கையில் வேறு பெயரில் ஒரு பாஸ்போர்ட். வேஷம், நட்சத்திரத்தின் செயலாளர். பேக்கரின் பெட்டிகளில் இசைக்குறிப்புத் தாள்கள். ஜெர்மன் படைகளைப் பற்றிய தகவல்கள் அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதப்பட்டிருந்தன. எல்லையில் இருந்தவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்த பரவசத்தில் இருந்தார்கள். அவரிடம் ஆட்டோகிராஃப் வாங்க நினைப்பார்களா, தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களா? சில குறிப்புகளை உள்ளாடையில் ஊசி குத்திக் கொண்டுபோன பயணங்களும் உண்டு.

"பார்த்தீங்களா மாமா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கடுப்பாக இருந்தது. சந்தேகப்படாத உருவம் என்றதும் கூட்டத்தில் கரைந்துபோகிற முகம் என்று நானாக எடுத்துக்கொண்டுவிட்டேன். வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிற முகத்தையும் யாரும் சந்தேகப்படாமல் இருக்கலாம்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் பட்டது மொராக்கோவின் காஸபிளாங்கா நகரத்தில் நடந்தது. 1941இல் வயிற்று உறையில் கடுமையான தொற்று வந்து, ஒன்றரை வருடத்துக்கும் மேல் அங்கே ஒரு மருத்துவமனையில் கிடந்தார். இறந்துவிட்டார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் செய்திகூடப் போட்டன. அந்தப் படுக்கையைச் சுற்றித்தான் அமெரிக்கத் தூதரக ஆட்களும் உளவாளிகளும் கூடிப் பேசினார்கள். நோயாளியைப் பார்க்கப் பழத்தோடு வருகிறவனை யார் தடுப்பது? இவள் படிக்கும் நாவலில் பாடகி மாடிக்கு மாடி தாவுகிறாள். இங்கே கதாநாயகி எழுந்து நிற்கவே முடியாமல் வேலை பார்த்திருக்கிறார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள்: "அந்த அப்தேயைத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?"

இருவருக்கும் காதல் இருந்தது என்றுதான் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 1947இல் அதே மிலாந்தில் பேக்கர் கைப்பிடித்தது ஜோ பூயோன் என்ற இசைக்குழுத் தலைவரை. சொன்னதும் முகம் தொங்கிப்போயிற்று. பிரான்ஸ் தன் பெரியோர்களை வைத்துப் போற்றும் பாரிஸின் பாந்தியோன் நினைவாலயத்தில் 2021இல் இடம் கிடைத்தது, அந்த மரியாதை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான் என்றெல்லாம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"உன் கதையில என்ன ஆகுது?"

"மூணு பாகம் மாமா. ரெண்டாவது முடியும்போது அவனைச் சுட்டுடறாங்க. மூணாவது இன்னும் வரலை."

இப்போது வாரம் ஒருமுறை போன் செய்து, மூன்றாம் பாகம் அங்கே கடைகளுக்கு வந்துவிட்டதா என்று விசாரிக்கிறாள். அவள் போன பிறகு முதல் இரண்டையும் நானும் படித்து முடித்துவிட்டேன். அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.