குப்பை நிறுவனம் ஊருக்கும் இயற்கைக்கும் உருப்படியாக ஏதாவது செய்ததா? பார்த்தவர்கள் எழுதுங்கள்

குப்பை மேலாண்மை நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் மரக்கன்று நடும் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அது போகட்டும். நேரில் கண்டதை மட்டும் இங்கே பகிரலாம். முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

மூடப்பட்ட ஒரு குப்பைமேட்டில் பறவைகளைக் கணக்கெடுக்க அனுமதி கேட்டிருந்தேன். மறுத்துவிடுவார்கள் என்று நினைத்தால், ஹெல்மெட்டும் மஞ்சள் மேல்சட்டையும் கொடுத்துக் கூடவே ஒரு சூப்பர்வைசரையும் அனுப்பினார்கள். மேட்டின் மேல் மரமே இல்லை, முழங்கால் உயரத்துக்குப் புல்தான். காரணம் கேட்டேன். மேட்டை மூடும்போது களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடுகிறார்கள். பெரிய மரம் வேரோடு சாய்ந்தால் அந்த மூடி பிய்ந்து, மழைநீர் குப்பைக்குள் இறங்கிவிடும் என்று பயம். அதனால் புல்லோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கு வேறென்ன வேண்டும்? சுற்றிலும் வேலி இருக்கிறது, நாய் தொல்லை இல்லை, ஆள் நடமாட்டமும் குறைவு.

சிக்கல் புல் வெட்டுவதில் இருந்தது. மூடியில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் புல்லைக் குட்டையாக வெட்டியாக வேண்டும். அவர்கள் குறித்திருந்த நாளோ சரியாகக் கூடு கட்டும் பருவத்தில் வந்தது. ஒரு புல் கொத்தின் அடியில், உள்ளங்கைக் குழி அளவுக்கு ஒரு கூடு, அதில் புள்ளி போட்ட மூன்று முட்டைகள். சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனில் சொன்னார்: எரிவாயுக் குழாய்களைச் சுற்றி மட்டும் இப்போது வெட்டுகிறோம், மற்ற இடமெல்லாம் குஞ்சுகள் பறந்த பிறகுதான். நிறுவனத்துக்குப் பெரிதாகச் செலவு வைக்காத ஏற்பாடு. என்னைக் கேட்டால் பத்து மரக்கன்று விழாவுக்குச் சமம்.

நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் இதற்குப் பெரிய உதாரணம். 1948 முதல் 2001 வரை நகரத்துக் குப்பையை வாங்கிய இடம், சுமார் 2,200 ஏக்கர். இப்போது கட்டம் கட்டமாகப் பூங்காவாகி வருகிறது, புல்வெளிப் பறவைகளும் திரும்பியிருக்கின்றன. ஆனால் அதை நடத்துவது மாநகர நிர்வாகம், தனியார் நிறுவனம் இல்லை.

* * *

நான் ஒரு குப்பைமேட்டின் வேலிக்கு வெளியே குடியிருந்தவள். எங்களுக்கு நிறுவனம் முதலில் கொடுத்தது ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த ஒரு விளையாட்டுத் திடல். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரிப்பன் வெட்டினார்கள்! அதிலேயே தெரிந்துவிட்டது நிலைமை.

அப்புறம் ஊராரும் நிறுவனத்தாரும் சேர்ந்து உட்காரும் குழு ஒன்று அமைத்தார்கள். தொடக்கத்தில் வெறும் கூச்சல். ஒரு பெரியவர்தான் பேச்சைத் திருப்பினார். ‘நாற்றத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் கிணற்றுக் கணக்கைக் காட்டுங்கள்’ என்றார். குப்பைமேட்டைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டிருப்பார்கள். நிலத்தடி நீர் மேட்டை நோக்கி வரும் பக்கத்தில் ஒன்று, கடந்து போகும் பக்கத்தில் சில. இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் ஒப்பிட்டு, கடந்துபோகும் பக்கத்தில் மட்டும் குளோரைடும் அம்மோனியாவும் ஏறிக்கொண்டே போனால் குப்பைச் சாறு கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அந்த முடிவுகளை வாசலில் உள்ள பலகையில் ஒட்டச் சொன்னோம். இழுத்தடித்தார்கள், ஆனால் ஒட்டினார்கள்.

நாற்றத்துக்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் நான் கூப்பிட்டபோது ஒரு பெண் பொறியாளர் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குறித்துக்கொண்டு நேரே சாறு தேங்கும் தொட்டிக்குப் போனார். மூடி திறந்து கிடந்ததாம். ஊஞ்சலில் பிள்ளைகள் இன்றும் ஆடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் நிறுவனத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பலகையாலும் அந்தப் பெண்ணாலும்தான்.

* * *

மேலே எழுதிய அம்மாவுக்கு: நீங்கள் போன் செய்தது எங்களைப் போன்றவர்களுக்கு உபகாரம். நான் குப்பைமேட்டில் எரிவாயுக் கிணறுகளைப் பார்த்துக்கொண்டவன்.

குப்பை மட்கும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் சூடேற்றக்கூடியது. அதைக் குழாய் வழியே உறிஞ்சி எரிக்கிறார்கள், அல்லது எஞ்சினில் விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் குப்பைக்குள்ளேயே தீப்பிடிக்கக்கூடும். குறைத்தால் வாயு வெளியே கசியும், உங்களுக்கு நாற்றம் வரும். ஆக, ஊர் சொல்லும் புகார் எங்களுக்குக் காசு கொடுக்காமல் கிடைக்கும் கசிவுமானி. இதை எங்கள் மேலதிகாரிகளுக்குப் புரியவைக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.

இன்னொன்று. மூடியதோடு வேலை முடிவதில்லை. அமெரிக்க விதிப்படி, நகரக் குப்பைமேட்டை மூடிய பிறகும் பொதுவாக 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும், அதற்கான பணத்துக்கு முன்கூட்டியே உத்தரவாதமும் காட்ட வேண்டும். உங்கள் பக்கத்து நிறுவனம் எவ்வளவு நன்கொடை கொடுக்கிறது என்று விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரியுங்கள்.

* * *

நன்கொடை என்றதும் ஞாபகம் வருகிறது. பிரிட்டனில் ஓர் இயற்கைக் குழுவுக்கு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே 1996-இல் குப்பை கொட்டுவதற்கு வரி வந்தபோதே சமூக நிதி ஒன்றும் வந்தது. நிறுவனம் அதற்குக் கொடுக்கும் தொகையில் 90 சதவீதத்தை, ஒரு வரம்புக்குள், வரியில் கழித்துக்கொள்ளலாம். பூங்கா, சமூகக் கூடம், பழைய தேவாலயம், உயிரினப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு, பெரும்பாலும் குப்பை இடத்திலிருந்து 10 மைலுக்குள், அந்தப் பணம் போகும். பலகையில் மட்டும் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். எப்படியும் அரசுக்குப் போயிருக்க வேண்டிய பணம்தானே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆனாலும் குளம் வெட்டியது நிஜம், தவளை வந்ததும் நிஜம்.

எஸ்ஸெக்ஸில், லண்டன் குப்பையைப் பல பத்தாண்டுகள் வாங்கிய மக்கிங் என்ற ஊரின் குப்பைமேட்டின் மேல் ஒரு இயற்கைப் பூங்கா இருக்கிறது. 2013-இல், இயற்கை ஆவணப்படங்களால் பெயர்பெற்ற டேவிட் ஆட்டன்பரோ திறந்து வைத்தார். தேம்ஸ் ஆற்றங்கரை, சேற்றில் இரை தேடும் பறவைகள் ஏராளம். வாய்ப்பு கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

* * *

எல்லாரும் பறவையையும் கிணற்றையும் பற்றி எழுதுகிறீர்கள். மேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களை யாரும் சொல்லவில்லையே. நிறுவனம் வந்து வேலி போட்டால் முதலில் வெளியே நிற்பது அவர்கள்தான். ரியோ டி ஜெனிரோ அருகே ஜார்டிம் கிராமாச்சோ மேட்டை 2012-இல் மூடியபோது, அங்கே பொறுக்கிய ஏறத்தாழ 1,700 பேருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். சும்மா வரவில்லை, சங்கமாகச் சேர்ந்து கேட்டதால் வந்தது. புனேயில் ‘ஸ்வச்’ கூட்டுறவு, பொறுக்குபவர்களே உறுப்பினர்களாக இருந்து வீடு வீடாகக் குப்பை வாங்குகிறது. மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

குப்பை பொறுக்கும் எங்கள் குழுவைத் தரம்பிரிக்கும் கூடத்தில் சேர்த்துக்கொள்ள நிறுவனம் ஒத்துக்கொண்டது. கையுறை, அடையாள அட்டை, தடுப்பூசி எல்லாம் தந்தார்கள். எடைத் தராசின் திரை மட்டும் மேற்பார்வையாளர் பக்கமே திரும்பியிருந்தது. அதை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னோம், அன்றைக்கே திருப்பினார்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.