முன்பின் அறியாதவர்களின் அஞ்சலிக் கட்டுரைகளை விரும்பிப் படிப்பது முறையா?

தாமரைக்குளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாளிதழ்களில் வெளிவரும் அஞ்சலிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. நாடறிந்த தலைவர்களையும் நடிகர்களையும் பற்றியவற்றைச் சொல்லவில்லை. மறைவுச் செய்தி வரும்வரை பெயரைக்கூட நான் கேட்டிராத மனிதர்களைப் பற்றியவற்றையே சொல்கிறேன்.

2012 டிசம்பரில் தமது 91ஆம் வயதில் மறைந்த நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தபின் இந்த ஈடுபாடு மேலும் கூடிவிட்டது. மளிகைக் கடையில் பில் போடும்போது பொருளின் மேல் ஒளி பட்டதும் 'பீப்' என்று ஒலிக்கிறதே, அந்தப் பார்கோடின் மூலக் கருத்து அவருடையது. சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் கற்ற, புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் குறியீட்டை எண்ணியபடி மயாமி கடற்கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர், நான்கு விரல்களை மணலில் ஊன்றித் தம் பக்கமாக இழுத்திருக்கிறார். மணலில் நான்கு கோடுகள் விழுந்தன. மோர்ஸின் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் இதுபோல் நீட்டிவிட்டால் மெல்லியவையும் தடித்தவையுமான கோடுகள் கிடைக்குமே என்று அப்போது அவருக்குத் தோன்றியதாம். அவரும் நண்பர் பெர்னார்ட் சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்றார்கள். அதை 15,000 டாலருக்கு விற்றார்கள். ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங் கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26 அன்று. அதைப் பார்க்கச் சில்வர் உயிரோடு இல்லை, 1963இலேயே இறந்துவிட்டிருந்தார்.

இத்தகைய கட்டுரையைப் படித்து முடித்ததும் எனக்குத் துக்கம் வருவதில்லை, மனம் நிறைந்துவிடுகிறது. என் தாயாருக்கு இந்தப் பழக்கம் பிடிப்பதில்லை. "விடிந்ததும் விடியாததுமாக எழவுச் செய்தியா?" என்று கேட்கிறார். எங்கோ ஒரு குடும்பம் அழுதுகொண்டிருக்கும்போது நாம் அதைச் சுவைத்துப் படிப்பது தகுமா என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. இறந்த ஓரிரு நாளிலேயே இவ்வளவு விரிவாக எழுத எப்படி முடிகிறது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வடக்குமாசி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பெரிய நாளிதழ்கள் பலருடைய அஞ்சலிக் கட்டுரைகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிப் பத்திரப்படுத்திவிடுகின்றன. நியூயார்க் டைம்ஸிடம் அப்படிக் காத்திருக்கும் கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேல். நடிகை எலிசபெத் டெய்லர் 2011இல் மறைந்தபோது அந்த நாளிதழில் வந்த கட்டுரையை எழுதிய மெல் கஸ்ஸோ, அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டவர். அதே நாளிதழில் 1964 முதல் 1976 வரை இப்பணியைச் செய்த ஆல்டன் விட்மன், உரியவர்களை நேரில் சென்று பேட்டி கண்டு எழுதும் வழக்கத்தை உண்டாக்கினார். எதற்காக வந்திருக்கிறார் என்பது பேட்டி கொடுப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் மனம்விட்டுப் பேசியவர்களில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனும் ஒருவர். ஆனால் உட்லண்ட் போன்ற, உலகம் அதிகம் அறியாதவர்களுக்குப் பெரும்பாலும் முன்னேற்பாடு எதுவும் இருக்காது. செய்தியாளர் தொலைபேசியை எடுத்து, குடும்பத்தாரிடமும் உடன் பணியாற்றியவர்களிடமும் பேசித்தான் எழுதியாக வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருப்பதாக நான் கருதுகிறேன். மணலில் விரல் இழுத்தது போன்ற செய்திகளை எல்லாம் வெளியாள் எவரும் திருடிக்கொண்டு வருவதில்லை. இறந்தவர் வாழ்நாளெல்லாம் தம் வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதைகளை, அந்த வீட்டாரே நாலு பேருக்குத் தெரியட்டும் என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர்த் துக்க வீடுகளை எண்ணிப் பாருங்கள். காடாற்றிவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்தவர்கள், போனவர் செய்த குறும்பையும் பிடித்த பிடிவாதத்தையும் பேசிச் சிரிப்பதில்லையா? அந்தச் சிரிப்பை அங்கே எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. கதை சொல்லும் குடும்பத்துக்கு, அதை ஆவலோடு கேட்க ஓர் ஆள் கிடைப்பது ஆறுதலாகவே இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சுவைத்துப் படிக்க வேண்டுமென்றால் லண்டன் டெய்லி டெலிகிராப்பின் கட்டுரைகளை விட்டுவிடாதீர்கள். 1986 முதல் 1994 வரை அந்தப் பக்கத்தை நடத்திய ஹியூ மாசிங்பெர்ட், இறந்தவரின் குறைகளையும் அன்போடும் நாசூக்கோடும் பதிவுசெய்யும் ஒரு நடையை வளர்த்தெடுத்தார். 'விருந்துகளில் கலகலப்பானவர்' என்று எழுதியிருந்தால் குடிப்பழக்கம் மிகுந்தவர் என்று வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். 'தம் சாகசங்களை வண்ணமயமாக எடுத்துரைப்பார்' என்றால் புளுகுவார் என்று பொருள். குறைகளோடு சேர்ந்து வரும் மனிதரைத்தான் நம்மால் நம்ப முடிகிறது.

செங்காந்தள் எழுதியது:

வடக்குமாசி அவர்கள் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எவருடைய வாழ்க்கை எழுதப்படுகிறது, அது எந்த வரியில் தொடங்குகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

செயற்கைக்கோள்கள் தம் பாதையிலிருந்து விலகாமல் இருக்க உதவும் உந்துபொறி ஒன்றை உருவாக்கிய இவோன் பிரில், 2013 மார்ச்சில் தமது 88ஆம் வயதில் மறைந்தார். நியூயார்க் டைம்ஸ் முதலில் வெளியிட்ட கட்டுரை, அவர் ஒரு மாட்டிறைச்சிக் குழம்பை அருமையாகச் சமைப்பார் என்பதில் தொடங்கி, கணவர் வேலை மாறிய இடங்களுக்கெல்லாம் உடன் சென்றதையும், மூன்று பிள்ளைகளை வளர்க்க எட்டு ஆண்டுகள் வேலையை விட்டிருந்ததையும் சொல்லிவிட்டு, அதன்பிறகே அவர் ராக்கெட் பொறியாளர் என்ற செய்திக்கு வந்தது. வாசகர்கள் கொதித்துப்போனார்கள், நாளிதழும் தொடக்க வரியை மாற்றியது. சமையலைச் சொன்னது தவறென்று நான் நினைக்கவில்லை. ஆண் பொறியாளர் ஒருவருக்கு அந்தத் தொடக்கம் வாய்த்திருக்காது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதே நாளிதழ் 2018 மார்ச் 8 அன்று, 1851 முதல் தான் கவனிக்காமல் விட்டவர்களுக்குக் காலம் கடந்து அஞ்சலி எழுதத் தொடங்கியது. முதல் நாளில் வந்த 15 பெண்களில் 1852இல் இறந்த கணித மேதை அடா லவ்லேஸும், 1969இல் 36 வயதில் மறைந்த இந்தி நடிகை மதுபாலாவும் இருந்தார்கள். ஹென்ரியெட்டா லேக்ஸும் இருந்தார். 1951இல் புற்றுநோயால் இறந்த அந்தக் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து அவரைக் கேளாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள், இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. தாமரைக்குளம் அவர்களே, நீங்கள் சொல்லும் மனநிறைவு எனக்கும் உண்டு. ஆனால் இவரைப் பற்றிப் படித்தபோது அது வரவில்லை, கோபமே வந்தது. அதற்காகவும் இவற்றைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

வல்லைவெளி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் நினைவாகச் சிறு நூலொன்றை அச்சிட்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதைக் கல்வெட்டு என்போம். நினைவுமலர் என்றும் சொல்வதுண்டு. அதில் இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்ச வரலாறு, அவர்மீது பாடப்பட்ட செய்யுள்கள், உறவினர் புலம்பல், தேவார திருவாசகங்கள் எல்லாம் இருக்கும். நூலகம் என்ற இணைய நூலகத்தில் இத்தகைய மலர்களை ஏராளமாகச் சேர்த்து, எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் எனக்கு எந்த உறவுமில்லாத ஊர்க்காரர்களின் மலர்களைத் திறந்து படிப்பேன்.

வடக்குமாசி அண்ணா சொன்ன குறை கூறும் நாசூக்கு இவற்றில் கிடையாது. எல்லாரும் குணக்குன்றுகளாகவே இருப்பார்கள். செய்யுள்கள் பலவும் ஒரே வார்ப்பில் இருக்கும். ஆனால் மாணவரோ சக ஆசிரியரோ எழுதிய இரண்டு பக்கம் நடுவில் அகப்பட்டால், அங்கே மனிதர் எழுந்து வந்துவிடுவார். எந்தச் சைக்கிளில் பள்ளிக்கூடம் வருவார், பிரம்பை எங்கே வைத்திருப்பார், கட்டணம் கட்ட முடியாத பிள்ளையின் காசை யாருக்கும் தெரியாமல் எப்படிக் கட்டினார் என்பவை அந்தப் பக்கங்களில்தான் கிடைக்கும்.

தாமரைக்குளம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. குடும்பத்தாரே விரும்பித் தரும் கதைகள் என்ற கோணம் எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. தாயாரிடமும் அதைச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். செங்காந்தள் அவர்கள் குறிப்பிட்ட கோபத்தை நான் இதுவரை இந்தக் கட்டுரைகளோடு சேர்த்து எண்ணியதில்லை. ஹென்ரியெட்டா லேக்ஸ் பற்றியதை இன்று இரவே படிக்கிறேன்.

வல்லைவெளி அவர்களே, அந்த நினைவுமலர்களில் எதிலிருந்து தொடங்கலாம்? பெயர் எதுவும் அறியாத எனக்கு எப்படித் தேடுவது என்று விளங்கவில்லை.

வல்லைவெளி எழுதியது:

பெயரைப் பார்த்துத் தேட வேண்டாம். ஆசிரியர்கள், தபால் அதிபர்கள், நாதஸ்வர தவில் வித்துவான்கள், ஆயுர்வேத வைத்தியர்கள் ஆகியோருடையவற்றில் தொடங்குங்கள்; பலரோடு பழகிய தொழில்கள் என்பதால் எழுதியவர்களும் பலராக இருப்பார்கள். வாழ்க்கைக் குறிப்பை முதலில் படித்தபின் செய்யுள்களைத் தாண்டிச் சென்று, பிறர் எழுதிய கட்டுரைகளுக்குப் போய்விடுங்கள். கடைசிப் பக்கத்து நன்றி நவிலலையும் பாருங்கள். தகனக் கிரியையில் உதவியவர், பந்தல் போட்டவர், தூர தேசத்திலிருந்து தொலைபேசியில் அனுதாபம் சொன்னவர் என்று ஓர் ஊரே அதில் இருக்கும்.