உங்கள் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது?

சிவில், கிண்டி, 1980இல் சேர்ந்தவன்

பழைய பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது என் சான்றிதழ்க் கட்டு கையில் கிடைத்தது. முதல் வருட மார்க் ஷீட்டில் ‘பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்’. 1984இல் வாங்கிய பட்டத்தில் வெறும் ‘அண்ணா பல்கலைக்கழகம்’. நடுவில், 1982இல், பெயரைச் சுருக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டு அண்ணன் எனக்கு ஐந்து வருடம் மூத்தவர். அதே சிவப்புக் கட்டடத்தில், அதே வகுப்பறைகளில் படித்தவர். அவர் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகமே 1978 செப்டம்பரில்தானே வந்தது!

தொண்ணூறுகளில் மஸ்கட்டில் ஒரு வேலைக்குப் போனபோது, காகிதங்களைப் பார்த்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சேர்ந்தது ஒரு யுனிவர்சிட்டி, முடித்தது இன்னொன்றா? இடம் மாறினீர்களா?” என்றார். நான் ஹாஸ்டல் அறைகூட மாறவில்லை. ஊரிலிருந்து ஒரு விளக்கக் கடிதம் வரவழைத்துத்தான் கையெழுத்து வாங்கினேன். அதற்குள் ஆறு வாரம் போய்விட்டது.

2020 செப்டம்பரில் பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எனக்கு அந்தப் பேனாதான் நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளான கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), ஸாப் (கட்டடக்கலைப் பள்ளி), எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) நான்கும் ‘அண்ணா தொழில்நுட்ப மற்றும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்’ ஆகும், தனியார் கல்லூரிகள் போன்ற இணைப்புக் கல்லூரிகளுக்கான புதிய பல்கலைக்கழகம் ‘அண்ணா பல்கலைக்கழகம்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளும் என்றார்கள். நான் எதிர்த்தேன். ஆதரித்தவர்களும் இங்கே இருப்பீர்கள். வாதம் அப்புறம் இருக்கட்டும், பெயரால் உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கல், கோவைப் பக்கம், 2008–12

சார், உங்களிடம் இரண்டு பெயர்தான். நான் சேர்ந்தபோது ‘அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்’. 2010இல் அதற்கு ‘ஆஃப் டெக்னாலஜி’ ஒட்டிக்கொண்டது. உங்கள் காலத்தில் கழற்றியதை எங்கள் காலத்தில் மறுபடி மாட்டியிருக்கிறார்கள்! 2012இல், தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக இருந்த திருச்சி, திருநெல்வேலி, மதுரை, கோவை எல்லாவற்றையும் சென்னையோடு திரும்பச் சேர்த்தார்கள்.

பெங்களூரில் முதல் வேலை. சான்றிதழ் சரிபார்த்த பெண் என் மார்க் ஷீட்களை மேசையில் பரப்பிவைத்து, “இதில் எது ஒரிஜினல்?” என்று கேட்டார். எல்லாமே ஒரிஜினல்தான் என்றேன். நம்பவில்லை. “அண்ணா என்ற பெயரில் மொத்தம் எத்தனை இருக்கிறது?” என்றார். சரியான கேள்வி. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன், சிரித்துவிட்டார். கடைசியில் சீனியர் ஒருவரின் காகிதங்களும் அதே லட்சணத்தில் இருந்ததால் என்னை விட்டார்கள்.

ஆராய்ச்சி மாணவி, கிண்டி வளாகம்

அந்த செப்டம்பரில் என் கட்டுரை ஒன்று பரிசீலனையில் இருந்தது. ஜெர்மனியில் இருந்த இணை ஆசிரியர் மின்னஞ்சல் அனுப்பினார்: உங்கள் நிறுவனத்தின் பெயர் மாறுகிறதாமே, எதைப் போடட்டும்? என் வழிகாட்டி, “இப்போதைக்குப் பழையதையே போடும்மா, நடக்கும்போது பார்த்துக்கொள்வோம்” என்றார்.

எங்கள் பேராசிரியர்கள் எதிர்த்தது வெறும் பாசத்தால் இல்லை. நாற்பது வருடக் கட்டுரைகள், அவற்றுக்கு வந்த மேற்கோள்கள், உலகத் தரவரிசை, வெளிநாட்டு ஒப்பந்தங்கள் எல்லாம் ‘அண்ணா யுனிவர்சிட்டி’ என்ற இரண்டு சொல்லின் கணக்கில் ஏறியிருக்கின்றன. அந்தக் கணக்கு புதிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால், எழுதியவர்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். பிரிப்பதானால் பிரியுங்கள், பழைய பெயரைப் பழைய இடத்திலேயே விட்டு, புதியதற்குப் புதுப்பெயர் வையுங்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. புதுவீடு கட்டுகிறவர் பழைய வீட்டின் கதவு எண்ணைக் கழற்றிக்கொண்டு போவாரா என்ன?

ஈ.சி.ஈ., காஞ்சிபுரம் பக்கம் தனியார் கல்லூரி, 2005–09

தங்கையே, அந்தக் கதவு எண் எங்கள் வீட்டிலும் தொங்குகிறதே! எங்களைப் போன்ற இணைப்புக் கல்லூரிகள், நூற்றுக்கணக்கான வீடுகள்.

எனக்குப் பெண் பார்க்கப் போன கதை. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆகிவிட்டது. பெண்ணின் தாய்மாமா அதுவரை பேசவே இல்லை. “மாப்பிள்ளை அண்ணா யுனிவர்சிட்டின்னு சொன்னாங்க” என்று ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். “மெயின் கேம்பஸா?” என்றார். அவர் கிண்டியாம், எண்பதுகளில் படித்தவராம். கல்லூரிப் பெயரைச் சொன்னேன். “ஓ, அஃபிலியேட்டடா” என்று காபியை எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் தொனி புரிந்துவிட்டது. திரும்பி வரும்போது காரில், “நீ படிச்சது டூப்ளிகேட்டாடா?” என்று கேட்டார்.

பட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னேன், பொய் சொல்லவில்லை. இருந்தாலும் பிடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். 2020இல் எங்கள் வாட்ஸாப் குழுவில் “இனி நாம்தான் ஒரிஜினல் அண்ணா” என்று பட்டாசு வெடித்தார்கள். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். மாமாதான் ஞாபகம் வந்தார்.

(அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. மாமா இப்போது நன்றாகப் பேசுகிறார்.)

எம்.ஐ.டி., குரோம்பேட்டை, 2001

பாஸ்டனில் அலுவலக வேலையாகப் போயிருந்தபோது குளிருக்கு எங்கள் கல்லூரி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறிவிட்டேன். நெஞ்சில் மூன்றே எழுத்து. பக்கத்தில் இருந்த பெரியவர் முகம் மலர்ந்து, எந்த வருடம், எந்தத் துறை என்று விசாரித்தார். நானும் 2001, ஏரோநாட்டிக்ஸ் என்றேன். ஒரு பேராசிரியரைத் தெரியுமா என்றபோதுதான், அவர் அமெரிக்க எம்.ஐ.டி.யை நினைத்துக் கேட்கிறார் என்று புரிந்தது. குரோம்பேட்டையை ஆங்கிலத்தில் விளக்க இரண்டு ஸ்டேஷன் ஆனது. 1949இல் ராஜம் தொடங்கியது, அப்துல் கலாம் படித்தது எல்லாம் சொன்னேன். அவர் கை கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது. எங்கள் கல்லூரிப் பெயரில் மெட்ராஸ் அப்படியே இருக்கிறது. மாற்றினால் சி.ஐ.டி. ஆகிவிடும். கோவையில் ஏற்கெனவே ஒரு சி.ஐ.டி. கல்லூரி, இங்கே சைதாப்பேட்டைப் பக்கம் சி.ஐ.டி. நகர். போதாதற்கு போலீஸ் வேறு.

பிரின்டிங், கிண்டி, 1995

சின்னக் கதை. அட்மிஷன் கிடைத்துச் சேர வந்த அன்று, ‘கிண்டி பொறியியல் கல்லூரி’தானே என்று தகரப் பெட்டியோடு கிண்டி ஸ்டேஷனில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். வெயிலில் சர்தார் படேல் சாலை முடிவதாகவே இல்லை. கடைசியில் பஸ் ஏறினேன். “கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஒண்ணு” என்றதும் கண்டக்டர், “காந்தி மண்டபம்னு சொல்லு தம்பி” என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

சிவில், 1980 (மீண்டும்)

பஜ்ஜி சொஜ்ஜிக் கதையை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். 2021இல் ஆட்சி மாறி, பிரிக்கும் திட்டம் கைவிடப்பட்டது அவருக்கு இப்போதுதான் தெரியும். “அப்போ பேர் மாறலையா? நான் மாறிடுச்சுன்னு நினைச்சேன்” என்றார். 1794இல் எட்டுப் பையன்களோடு சர்வே பள்ளியாக ஆரம்பித்த கல்லூரி, இதுவரை எத்தனை பலகை மாட்டியிருப்பார்கள் என்று அவர் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டார். எனக்கோ அந்த மாமாவின் “மெயின் கேம்பஸா?” காதிலேயே நிற்கிறது. அதே கேள்வியை நானும் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்!

ஒரு வேண்டுகோள். 1978–82 காலத்து நீளப் பெயர் உள்ள மார்க் ஷீட் வைத்திருப்பவர்கள் லேமினேட் செய்துவிடாதீர்கள். நான் செய்துவிட்டேன். அட்டெஸ்டேஷனுக்குப் போனால் முதலில் அதை உரித்துக்கொண்டு வா என்கிறார்கள்.