ஆபரேஷன் சமயத்தில் ஆர்த்ரைடிஸ் மருந்து: உங்களுக்கு என்ன நடந்தது?

மழைத்துளி:
முடக்குவாதம், வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் (எதிர்ப்புச் சக்தியை அடக்கி வாதத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து). முழங்கால் மாற்று ஆபரேஷன் என்றதும், புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்று சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மூட்டுவாத டாக்டரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்கால் நன்றாகவே அமைந்தது. ஆனால் பிசியோதெரபிஸ்ட் வாக்கரைக் கொண்டுவந்து வைத்த அந்தக் காலை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மருந்தை நிறுத்தியதில் வாதம் திரும்பி, இரண்டு மணிக்கட்டும் வீங்கிச் சிவந்திருந்தன, விரல் மடங்கவில்லை. கால் நிற்கத் தயார், பிடித்து எழுந்திருக்கக் கை இல்லை. "அழுத்திப் பிடிங்கம்மா" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணீர்தான் வந்தது. அப்புறம்தான் மூட்டுவாத டாக்டர் 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 388 முடக்குவாத நோயாளிகள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடர்ந்தவர்களில் தொற்றோ வேறு சிக்கலோ வந்தது 2 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 15 சதவீதம். எதற்குப் பயந்து நிறுத்தினார்களோ அது நிறுத்தியவர்களுக்குத்தான் அதிகம் வந்திருக்கிறது.

வேப்பமரம்:
நிறுத்துவதே தப்பு என்று எல்லாருக்கும் சேர்த்துப் புரிந்துகொள்ளப் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன். நான் போடுவது அடலிமுமாப், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயலாஜிக் வகை ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. நிறுத்தணும் என்று யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் உடுப்பு மாட்டி, கையில் ஊசி குத்தி லைன் போட்ட பிறகு மயக்க மருந்து டாக்டர் "கடைசி ஊசி எப்போ?" என்றார். "முந்தாநாள்" என்றேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குக் கோபம் தாங்கவில்லை, ஆனால் அவர் செய்ததுதான் சரி. இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் அமைப்பு 2017-ல் கொடுத்து 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதலே இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், லெஃப்லுனோமைடு எல்லாம் தொடரலாம். முடக்குவாதத்துக்குப் போடும் பயலாஜிக் ஊசி என்றால் ஒரு தவணையை விட்டு, அந்தத் தவணைத் தேதி தாண்டியதும் ஆபரேஷன். அடலிமுமாப்புக்கு அது கடைசி ஊசியிலிருந்து மூன்றாவது வாரம். டோஃபாசிட்டினிப் மாத்திரை என்றால் மூன்று நாள் முன்பு நிறுத்தினால் போதும். தையல் பிரித்து, வீக்கமோ கசிவோ இல்லை என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஆரம்பிப்பது, பெரும்பாலும் 14 நாள் வாக்கில்.

கரையோரம்:
அப்பா பல வருஷமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறார். "வெறும் வயிறு" என்று எழுதியிருந்ததால் அன்று காலை எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள், ஸ்டீராய்டையும் சேர்த்து. அடுத்த நாளும் யாரும் தரவில்லை. இரவில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, சலைன் ஏற்றியும் ஏறவில்லை. என்னைப் பார்த்து "யாரு நீங்க?" என்றார். ட்யூட்டி டாக்டர் சார்ட்டைப் புரட்டி "ஸ்டீராய்டு எங்க போச்சு?" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நரம்பில் போட்ட பிறகுதான் தேறினார். ரொம்ப நாள் எடுத்தவர்களுக்கு உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தவே கூடாதாம். தினசரி அளவை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரில் கொடுத்திருக்கலாம்.

தென்றல்:
என் அம்மாவுக்கு வார்டு சார்ட்டில் மெத்தோட்ரெக்ஸேட்டை "தினமும்" என்று எழுதிவிட்டார்கள். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு, "இன்னிக்குப் புதன், நான் ஞாயித்துக்கிழமைதான் போடுவேன்" என்று சாதித்துவிட்டார்.

எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். மருந்துப் பெயர், அளவு, கிழமை, கடைசியாக எடுத்த தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஆர்த்தோ, மூட்டுவாதம், மயக்க மருந்து மூன்று டாக்டரிடமும் காட்டுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் எடுத்தால் வாய்ப்புண்ணில் ஆரம்பித்து ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலோ, சிறுநீரகக் கோளாறோ வந்தால் அடுத்த வார மாத்திரைக்கு முன் கேட்டே ஆகணும். முடக்குவாதம் பழசு என்றால் கழுத்து எக்ஸ்ரே கேளுங்கள். மேல் கழுத்து எலும்பு தளர்ந்திருந்தால், மயக்க மருந்துக்காகத் தொண்டையில் குழாய் போடக் கழுத்தை வளைக்கும்போது தண்டுவடம் நசுங்கலாம். இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள், ஆஸ்பிரின் இரண்டுமே ரத்தம் உறைவதைத் தடுக்கும், முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள்.

மழைத்துளி:
வேப்பமரம், ஊசியைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையே. ஆனால் நீங்கள் பிரித்து எழுதியது நல்லதுதான். எனக்கு நிறுத்தச் சொன்னவரும் இரண்டையும் ஒன்றாக நினைத்திருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது.

வேப்பமரம்:
சரிம்மா. ஆனால் தென்றல், ஆஸ்பிரினைப் போகிறபோக்கில் சேர்த்துவிட்டீர்கள், அதை ஒத்துக்கொள்ள முடியாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தினால் அடைப்பு வரலாம். என் அண்ணனுக்கு இதய டாக்டர் தொடரத்தான் சொன்னார், தொடர்ந்தபடியேதான் இடுப்பு ஆபரேஷன் நடந்தது. அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.